இந்தப் புத்தகம் யாருக்குப் பிடிக்கும்?

ஜூன் 19ஆம் தேதி திருவனந்தபுரத்தில் பெரும்பாலும் மழை இருக்கும். பள்ளி திறந்து மூன்று வாரம்கூட ஆகியிருக்காது. அன்று காலை அசெம்பிளியில் ஒரு மாணவி கையில் புத்தகத்தோடு மைக் முன்னால் வந்து நிற்பாள். புத்தகத்தின் பெயர், எழுதியவர் பெயர், கதையில் கொஞ்சம், தனக்கு ஏன் பிடித்தது என்பதில் கொஞ்சம். மூன்று நிமிடத்தில் முடிந்துவிடும். கேரளம் முழுக்க அன்றைக்கு வாசிப்பு தினம். அந்த வாரம் வகுப்புச் சுவர்களில் பிள்ளைகள் எழுதிய வாசிப்புக் குறிப்புகள் தொங்கும்.

அந்தத் தேதி பி. என். பணிக்கர் என்ற ஆசிரியரின் நினைவு நாள். 1909இல் நீலம்பேரூரில் பிறந்தவர். ஊர் ஊராகப் போய், ‘இங்கே ஒரு நூலகம் தொடங்குங்கள்’ என்று கேட்பதையே வாழ்நாள் வேலையாக வைத்துக்கொண்டவர். 1945இல் 47 நூலகங்களைச் சேர்த்து திருவிதாங்கூரில் ஒரு நூலகச் சங்கம் அமைத்தார். அது பின்னால் கேரளம் முழுவதும் பரவி, ஆயிரக்கணக்கான நூலகங்களாயிற்று. 1995 ஜூன் 19இல் அவர் காலமானார். அடுத்த ஆண்டிலிருந்து அந்த நாள் வாசிப்பு தினம்.

சரி, அறிவியல் பக்கத்தில் இதற்கு என்ன வேலை என்று கேட்பீர்கள். மைக் முன்னால் நின்ற அந்த மாணவியைக் கொஞ்சம் யோசியுங்கள். அவள் பேசி முடித்த பிறகு எத்தனை பேர் அந்தப் புத்தகத்தைத் தேடிப் போவார்கள்? அப்படிப் போனவர்கள் இன்னும் எத்தனை பேரிடம் சொல்வார்கள்? இதற்குக் கணக்கு உண்டு. தொற்றுநோயை ஆராய்கிறவர்கள் போடுகிற அதே கணக்கு.

கொரோனா காலத்தில் ‘ஆர்’ என்று ஒரு எண் செய்திகளில் அடிக்கடி வந்தது. நோய் கண்ட ஒருவர் சராசரியாக எத்தனை பேருக்கு அதைக் கொடுக்கிறார் என்பதுதான் அந்த எண். புத்தகத்துக்கும் அப்படி ஓர் எண் வைத்துக்கொள்ளலாம். படித்த பத்துப் பேர் சேர்ந்து ஒன்பது பேரைப் படிக்கவைத்தால், அந்தப் புத்தகத்தின் எண் 0.9. ஒருவரிடமிருந்து தொடங்குவோம். அடுத்த சுற்றில் 0.9 பேர், அதற்கடுத்து 0.81, பிறகு 0.729. (முக்கால் ஆள் எப்படிப் படிப்பார் என்று கேட்காதீர்கள், இது சராசரி.) எத்தனை சுற்று கூட்டினாலும் மொத்தம் 10 பேரைத் தாண்டாது. புத்தகம் பத்துப் பேரோடு அடங்கிவிடும்.

இப்போது பத்துப் பேர் சேர்ந்து பதினொரு பேரைப் படிக்கவைக்கிறார்கள் என்று வையுங்கள். எண் 1.1. ஐம்பதாவது சுற்றில் மட்டும் 117 பேர் படித்துக்கொண்டிருப்பார்கள், அதற்கு முந்தைய சுற்றுகளில் படித்தவர்கள் தனி. ஒன்பதுக்கும் பதினொன்றுக்கும் இருக்கிற வித்தியாசம் இரண்டே பேர். ஒரு வகுப்பில் வாயே திறக்காத இரண்டு பேர் அன்றைக்கு வாய் திறந்தால் போதும்.

ஆனால் நோய்க்கு இல்லாத ஒரு தடை புத்தகத்துக்கு உண்டு. நோய்க்கிருமி ஒருவரிடமிருந்து ஒரே நாளில் பல பேருக்குத் தாவும். நூலகத்தில் இருப்பதோ ஒரே பிரதி. பதினைந்து நாள் தவணையை எல்லோரும் முழுதாக எடுத்துக்கொண்டால், ஒருவர் கையை விட்டு இன்னொருவர் கைக்கு உடனுக்குடன் போனாலும், ஆண்டுக்கு 24 பேருக்கு மேல் அது போக முடியாது. நூறு பேர் ஆசைப்பட்டாலும் 24 பேர்தான். ஒரு புத்தகத்தைத் திடீரென்று பலர் கேட்க ஆரம்பித்தால் நூலகர் இரண்டாவது பிரதி வாங்க ஏன் துடிக்கிறார் என்பது இப்போது புரியும்.

யார் சொன்னால் நாம் கேட்போம் என்பது இதைவிடச் சுவையான கேள்வி.

அதற்குச் சுவிட்சர்லாந்து மலைக்குப் போக வேண்டும். பால் ஜக்கார் என்று ஒரு தாவரவியலாளர். ஆல்ப்ஸ் மலைப்பகுதியில் இடம் இடமாகப் போய், எங்கே என்னென்ன செடி வளர்கிறது என்று பட்டியல் எடுத்தவர். இரண்டு இடங்களின் செடிகள் எவ்வளவு ஒத்திருக்கின்றன என்பதை ஒரே எண்ணில் சொல்ல முடியுமா என்று பார்த்தார். 1901இல் அதற்கு எளிமையான ஒரு வழி சொன்னார். இரண்டு பட்டியலிலும் பொதுவாக உள்ள செடிகளை எண்ணு. இரண்டையும் சேர்த்தால் வருகிற மொத்த வகைகளை எண்ணு. முதலாவதை இரண்டாவதால் வகு. பொன்முடியின் செடிகளையும் அகத்தியமலையின் செடிகளையும் நீங்களும் இப்படி ஒப்பிடலாம். அட்டைப்பூச்சிக்குத் தயாராகப் போங்கள்.

செடி இருக்கிற இடத்தில் புத்தகத்தை வைத்துப் பாருங்கள். இந்த ஆண்டு நீங்கள் படித்தவை 6 புத்தகங்கள். பக்கத்து வீட்டுச் சேச்சி படித்தவை 5. இரண்டு பேரும் படித்தவை 3. மொத்தத்தில் வேறு வேறான புத்தகங்கள் 6 + 5 − 3 = 8. ஒற்றுமை 3/8, அதாவது 0.375. இப்படியே வகுப்பில் உள்ள ஒவ்வொருவரோடும் கணக்கிடலாம். நோட்டுப் புத்தகத்தின் ஒரு பக்கம் போதும்.

இங்கே ஒரு வேடிக்கை இருக்கிறது. ஒருவரோடு உங்கள் எண் 0 வந்தால், இரண்டு பேருக்கும் பொதுவாக ஒன்றுமே இல்லை. அவர் சொல்வதை நம்பக் காரணமும் இல்லை. எண் 1 வந்தால்? நீங்கள் படித்ததையெல்லாம் அவரும் படித்திருக்கிறார், அவர் படித்ததையெல்லாம் நீங்களும். உயிர்த்தோழர்தான், சந்தேகமே இல்லை. ஆனால் உங்களுக்குச் சொல்ல அவரிடம் புதிதாக ஒரு புத்தகம்கூடக் கிடையாது! உதவப்போகிறவர் நடுவில் இருக்கிறார். நம்பும் அளவுக்கு ஒற்றுமை, புதிதாகச் சொல்லும் அளவுக்கு வேற்றுமை. அந்த மூன்று பொதுப் புத்தகங்கள்தான் சேச்சியை நம்பவைக்கின்றன. நீங்கள் படிக்காத மற்ற இரண்டும்தான் அவர் உங்களுக்குத் தரப்போகிற பரிசு.

இன்னொரு திருத்தமும் வேண்டும். இரண்டு பேரும் தெனாலிராமன் கதை படித்திருக்கிறார்கள் என்பதிலிருந்து என்ன தெரிந்துவிடும்? எல்லோரும்தான் படித்திருக்கிறார்கள். இரண்டு பேரும் எறும்புகளைப் பற்றிய ஒரே தடிமனான புத்தகத்தைத் தேடிப் பிடித்துப் படித்திருந்தால் அது விஷயம். அபூர்வமான ஒற்றுமைக்குக் கூடுதல் மதிப்பெண் கொடுக்க வேண்டும். இதே யோசனையை 1972இல் கேரன் ஸ்பார்க் ஜோன்ஸ் என்ற பிரிட்டிஷ் விஞ்ஞானி சொற்களுக்குச் சொன்னார். எல்லா ஆவணத்திலும் வருகிற சொல்லுக்கு மதிப்பு குறைவு, சில ஆவணங்களில் மட்டும் வருகிற சொல்லுக்கு மதிப்பு அதிகம். இணையத்தில் தேடுபொறிகள் வளர்ந்ததில் இந்த யோசனைக்குப் பெரிய பங்கு உண்டு.

ஒத்த ரசனை உள்ளவர்களைக் கண்டுபிடித்து, அவர்களுக்குப் பிடித்ததை இவருக்குச் சொல்லும் வேலையை 1994இல் கணினியிடம் ஒப்படைத்துப் பார்த்தார்கள். அமெரிக்காவின் மின்னசோட்டா பல்கலைக்கழகத்தினரும் எம்.ஐ.டி.யினரும் சேர்ந்து செய்த அந்த அமைப்பின் பெயர் குரூப்லென்ஸ். படிக்கிறவர்கள் இணையச் செய்திகளுக்கு ஒன்றிலிருந்து ஐந்து வரை மதிப்பெண் போடுவார்கள். உங்களைப் போலவே மதிப்பெண் போடுகிறவர்களைக் கணினி தேடிப்பிடித்து, அடுத்து உங்களுக்கு எது பிடிக்கலாம் என்று ஊகிக்கும். இன்று புத்தகக் கடைச் செயலியில் ‘இதை வாங்கியவர்கள் அதையும் வாங்கினார்கள்’ என்று வருகிறதே, அது இந்தக் குடும்பத்தில் வந்ததுதான்.

அப்படியானால் அசெம்பிளியில் யாரும் பேச வேண்டாம், கணினியே பார்த்துக்கொள்ளும் என்று விட்டுவிடலாமா? அங்கேதான் இடிக்கிறது.

அச்சகத்திலிருந்து இன்று காலை வந்த புத்தகத்தை யாரும் படித்திருக்க மாட்டார்கள். யாரும் படிக்காத புத்தகத்தை, ஒத்த ரசனைக்காரர்களை வைத்துக் கணக்குப் போடுகிற கணினியால் யாருக்கும் சொல்ல முடியாது. யாருக்கும் சொல்லாததால் யாரும் படிக்க மாட்டார்கள். கணினித் துறையில் இதை ‘கோல்ட் ஸ்டார்ட்’ சிக்கல் என்பார்கள். புத்தம்புதிய புத்தகத்துக்கு மட்டுமல்ல, நூலகத்தின் கீழ்த்தட்டில் பத்து வருடமாக அசையாமல் இருக்கும் புத்தகத்துக்கும் இதே கதிதான்.

இந்தச் சிக்கலைக் கணினி வருவதற்கு முன்பே ஒரு தமிழர் யோசித்துவிட்டார். சீர்காழியில் 1892இல் பிறந்த எஸ். ஆர். ரங்கநாதன். அடிப்படையில் கணக்கு வாத்தியார். சென்னை மாநிலக் கல்லூரியில் கணிதம் சொல்லிக்கொடுத்தவர். 1924இல் சென்னைப் பல்கலைக்கழக நூலகராகப் போனார். 1931இல் நூலகத்துக்கு ஐந்து விதிகளை வகுத்து ஒரு நூலே எழுதினார். அதில் இரண்டாவது விதி வாசகர் பக்கம் நிற்கிறது: ஒவ்வொருவருக்கும் அவருக்கேற்ற நூல் கிடைத்தாக வேண்டும். மூன்றாவது விதி புத்தகத்தின் பக்கம் நிற்கிறது: அலமாரியில் இருக்கிற ஒவ்வொரு நூலுக்கும் ஒரு வாசகரைத் தேடிக் கொடுத்தாக வேண்டும். எனக்கு இந்த மூன்றாவது விதிதான் ரொம்பப் பிடிக்கும். கணினி இரண்டாவதில் கெட்டி, மூன்றாவதில் தடுமாறும். கீழ்த்தட்டில் குனிந்து பார்க்கிற ஒரு ஏழாம் வகுப்புப் பிள்ளை மூன்றாவதைத் தற்செயலாகவே செய்துவிடும்.

‘அதிகம் பேர் படித்த பத்துப் புத்தகங்கள்’ என்று ஒரு பட்டியல் போட்டால் போதாதா? 2006இல் மேத்யூ சால்கானிக், பீட்டர் டாட்ஸ், டங்கன் வாட்ஸ் என்ற மூவர் ஒரு சோதனையை வெளியிட்டார்கள். புத்தகம் வைத்துச் செய்யவில்லை, பாட்டு வைத்துச் செய்தார்கள். யாருக்கும் தெரியாத குழுக்களின் 48 பாட்டுகள். கேட்க வந்தவர்கள் 14,341 பேர். ஒரு பிரிவினருக்குப் பாட்டின் பெயரும் குழுவின் பெயரும் மட்டும் தெரியும். எந்தப் பாட்டை எத்தனை பேர் எடுத்துக்கொண்டார்கள் என்பது தெரியாது. மற்றவர்களை எட்டு உலகங்களாகப் பிரித்தார்கள். ஒவ்வோர் உலகத்திலும் அந்த உலகத்துக்காரர்கள் எந்தப் பாட்டை எவ்வளவு பேர் எடுத்தார்கள் என்ற எண்ணிக்கை கண்ணுக்குத் தெரியும். எட்டிலும் அதே 48 பாட்டுகள், எட்டும் பூஜ்யத்திலிருந்துதான் தொடங்கின.

எட்டு உலகங்களும் எட்டு விதமாகப் போயின. ஒரே பாட்டு ஓர் உலகத்தில் முதலாம் இடம், இன்னோர் உலகத்தில் நாற்பதாம் இடம்! மிக நல்ல பாட்டு அடிமட்டத்துக்குப் போவதும், மிக மோசமான பாட்டு உச்சிக்கு வருவதும் அரிது. நடுவில் உள்ள பாட்டுகளுக்கு எதுவும் நடக்கலாம். ஆரம்பத்தில் யாரோ சிலர் தற்செயலாக எதை எடுத்தார்களோ, பின்னால் வந்தவர்கள் அந்த எண்ணிக்கையைப் பார்த்து அதையே எடுத்தார்கள். ஆகவே ‘நிறையப் பேர் படித்தார்கள்’ என்பதற்கு ‘நல்ல புத்தகம்’ என்று மட்டும் அர்த்தமில்லை. ‘முதலில் சிலர் கையில் அகப்பட்டது’ என்றும் அர்த்தமிருக்கலாம். எண்ணிக்கை உங்களைத் தெரிந்து வைத்திருக்கவில்லை. சேச்சிக்கு உங்களைத் தெரியும்.

இனி திருவனந்தபுரத்துத் தமிழ்ப் பிள்ளைகள் பக்கம் வருவோம். சாலைக் கடைத்தெருவிலும் கரமனையிலும் தலைமுறை தலைமுறையாகத் தமிழ்க் குடும்பங்கள் இருக்கின்றன. வீட்டில் தமிழ், தெருவிலும் பள்ளியிலும் மலையாளம். நீல பத்மநாபனும் சாலைத் தெருவிலேயே கடை வைத்திருந்த ஆ. மாதவனும் இந்த நகரத்திலிருந்துதான் தமிழில் எழுதினார்கள். இப்படி இரண்டு மொழிக்கு நடுவில் நிற்கிற பிள்ளைக்கு வலையமைப்பு அறிவியலில் தனி மதிப்பு இருக்கிறது.

மார்க் கிரானோவெட்டர் என்ற சமூகவியலாளர் 1973இல் ஒரு கட்டுரை எழுதினார். வேலை தேடிக் கண்டுபிடித்தவர்களிடம், ‘அந்த வேலை இருப்பதை யார் சொன்னார்கள்’ என்று கேட்டிருந்தார். அடிக்கடி பார்க்கிற நெருங்கிய நண்பர் என்று சொன்னவர்கள் குறைவு. எப்போதாவது பார்க்கிற அறிமுகக்காரர் என்றவர்களே அதிகம். காரணம் யோசித்தால் புரியும். நெருங்கிய நண்பர்கள் எல்லோரும் ஒரே வட்டம். உங்களுக்குத் தெரிந்ததுதான் அவர்களுக்கும் தெரியும். வேறு வட்டத்தில் கால் வைத்திருப்பவரிடமிருந்தே புதுச் செய்தி வரும். ஜக்கார் எண் 1 வந்த உயிர்த்தோழரிடம் புதுப் புத்தகம் இல்லாமல் போனதும் இதே காரணத்தால்தான்.

தமிழ்ப் பிள்ளைகள் மட்டும் இருக்கிற வட்டத்துக்கு ‘யுரீகா’ என்று ஒரு இதழ் இருப்பதே தெரிந்திருக்காது. கேரள சாஸ்திர சாகித்ய பரிஷத் 1970இலிருந்து மலையாளத்தில் சிறுவர்களுக்காக நடத்துகிற அறிவியல் இதழ் அது. திருவனந்தபுரத்தில் உள்ள மாநில பாலசாகித்ய நிறுவனம் கொண்டுவருகிற ‘தளிரு’வும் தெரிந்திருக்காது. மலையாளம் மட்டும் படிக்கிற வட்டத்துக்கு இரா. நடராசனின் ‘ஆயிஷா’வைப் பற்றி யார் சொல்வது? இரண்டு அலமாரிக்கும் சாவி வைத்திருக்கிற பிள்ளை சொல்லலாம். டோட்டோ-சான் என்ற ஜப்பானியச் சிறுமியின் கதை 1981இல் ஜப்பானில் வெளிவந்தது. இன்று தமிழிலும் கிடைக்கிறது, மலையாளத்திலும் கிடைக்கிறது. சாலைத் தெருப் பிள்ளை அதை வீட்டில் ஒரு மொழியிலும் வகுப்பில் இன்னொரு மொழியிலும் சிபாரிசு செய்யலாம். ஒரே புத்தகம், இரண்டு வட்டம்.

எப்படிச் சிபாரிசு செய்வது? வகுப்புச் சுவரில் தொங்குகிற குறிப்புகளில் பாதி ‘இது மிகவும் நல்ல புத்தகம், அனைவரும் படிக்க வேண்டும்’ என்று முடியும். அனைவரும் என்றால் யாரும் இல்லை என்று அர்த்தம்! அந்த வரியில் தகவலே கிடையாது. எல்லாப் புத்தகத்துக்கும் ஒட்டுகிற வரி அது, தெனாலிராமன் மாதிரி. ‘பல்லியைப் பார்த்தால் ஓடாமல் நின்று கவனிக்கிறவர்களுக்கு இது பிடிக்கும்’ என்று எழுதிப் பாருங்கள். ‘முதல் இருபது பக்கம் மெதுவாகப் போகும், பொறுமை இல்லாதவர்கள் மூன்றாம் அத்தியாயத்திலிருந்து தொடங்கலாம்’ என்று எழுதுங்கள். பிடிக்காததையும் சேர்த்து எழுதினால் நீங்கள் சொல்கிற நல்லதை நம்புவார்கள்.

இப்படி எழுதுவதில் எழுதுகிறவருக்கும் ஒரு லாபம். 2006இல் ரோடிகர், கார்பிக் என்ற இரண்டு உளவியலாளர்கள் கல்லூரி மாணவர்களுக்குச் சிறு பாடங்களைக் கொடுத்தார்கள். ஒன்று சூரியனைப் பற்றி, மற்றொன்று கடல் நீர்நாயைப் பற்றி. ஒரு தடவை பாடத்தைப் படித்துவிட்டு மறுபடியும் படிக்க வேண்டும். இன்னொரு தடவை, படித்ததை மூடிவைத்துவிட்டு ஞாபகத்திலிருந்து எழுத வேண்டும். ஐந்து நிமிடம் கழித்துச் சோதித்தபோது, மறுபடி படித்தது 81 சதவீதம் நினைவில் இருந்தது, எழுதிப் பார்த்தது 75 சதவீதம். ஒரு வாரம் கழித்துச் சோதித்தபோது தலைகீழ். மறுபடி படித்தது 42 சதவீதம், எழுதிப் பார்த்தது 56. ஆகவே வாசிப்புக் குறிப்பு எழுதும்போது பக்கத்தில் புத்தகத்தைத் திறந்து வைத்துப் பார்த்து எழுதாதீர்கள். மூடிவிட்டு எழுதுங்கள். பெயர் மறந்தால் பிறகு சரிபார்த்துக்கொள்ளலாம்.

சிபாரிசு செய்யும்போது கதையின் முடிவைச் சொல்லலாமா? 2011இல் கலிபோர்னியா பல்கலைக்கழகத்தின் சான் டியேகோ வளாகத்தில் 12 சிறுகதைகளை வைத்துச் சோதித்தார்கள். முடிவு முன்கூட்டியே தெரிந்தவர்கள் கதையைச் சற்று அதிகமாகவே ரசித்தார்கள் என்று வந்தது. பின்னால் வேறு சிலர் செய்த ஆய்வில் இதற்கு மாறான முடிவு. விவகாரம் இன்னும் தீரவில்லை. தீரும் வரைக்கும், துப்பறியும் கதையில் திருடன் யார் என்று சொல்கிறவருக்கு நூலக அட்டை கொடுக்கக் கூடாது என்பது என் கட்சி.

இனி நீங்களே செய்கிற ஆராய்ச்சி. திருவனந்தபுரம் பாளையத்தில் உள்ள மாநில மத்திய நூலகம் 1829இல் தொடங்கியது. அதற்குச் சிறுவர் பிரிவும் உண்டு. அவ்வளவு தூரம் போக முடியாவிட்டால் உங்கள் ஊர் வாசகசாலை போதும். பழைய புத்தகத்தின் கடைசிப் பக்கத்தில் ஒரு சீட்டு ஒட்டியிருக்கும். ஒவ்வொருவர் எடுத்துப்போனபோதும் குத்திய தேதி வரிசையாக இருக்கும். கணினி வந்துவிட்ட இடங்களில் புதுத் தேதி இருக்காது, பழசு இருக்கும். அந்தத் தேதிகளை நோட்டில் எழுதி, வரைபடம் போடுங்கள். பல புத்தகங்களில் இரண்டு மூன்று வருடம் ஒன்றுமே இருக்காது. திடீரென்று இரண்டு மாதத்தில் நாலைந்து பேர் எடுத்திருப்பார்கள், பிறகு மறுபடி ஒன்றுமிருக்காது.

யாரோ சிபாரிசு செய்திருக்கிறார்கள் என்று உடனே முடிவுகட்டாதீர்கள். அது ஏப்ரல், மே என்றால் விடுமுறைக்காக எடுத்திருக்கலாம். கேரள மாநில நூலகக் கவுன்சில் பிள்ளைகளுக்கு நடத்துகிற வாசிப்புப் போட்டிக்கு அந்தப் புத்தகத்தை வைத்திருக்கலாம். அதனால் அதே தட்டில் பக்கத்தில் இருக்கிற இரண்டு புத்தகங்களின் சீட்டையும் பாருங்கள். அவற்றிலும் அதே மாதத்தில் தேதிகள் குவிந்திருந்தால் விடுமுறைதான் காரணம். போட்டிப் பட்டியலில் உள்ள புத்தகமா என்பதை நூலகரிடம் கேட்டுக்கொள்ளலாம். இரண்டும் இல்லை, இந்த ஒரு புத்தகத்தில் மட்டும்தான் குவியல் என்றால், அந்த நாட்களில் யாரோ ஒருவர் அதைப் பற்றி நாலு பேரிடம் பேசியிருக்க நல்ல வாய்ப்பு இருக்கிறது. அது யார் என்று சீட்டில் இருக்காது. அதையும் நூலகரிடமே கேட்டுப் பாருங்கள். சில சமயம் அவரே அந்த ஆளாக இருப்பார்.